ஏழு அப்பம்

சிஸ்டர், இரண்டாம் பூசையில் முதல் வாசகம் வாசிக்கிற டெல்பின்தான் எழுதுகிறேன். பிரிஸ்காவின் அம்மா. நாளை சாயந்திரம், முதல் நற்கருணை வாங்கப்போகிற புதுநன்மைப் பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம் வைத்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை நீங்கள் வாசித்துவிட வேண்டும். இல்லையென்றால் என் மகள் தான் செய்யாத ஒரு பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி, மன்னிப்பும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

நேரில் வந்து சொல்ல வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். மூன்று தடவை வந்தேன். முதல் தடவை நீங்கள் பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தீர்கள், தொந்தரவு செய்ய வேண்டாமென்று திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை மாதா கெபிக்குப் பக்கத்தில் நின்று, "என்ன டெல்பின், முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டீர்கள். "ஒண்ணுமில்ல சிஸ்டர், இந்த ஞாயிறு வாசகம் எனக்கா ரெஜினால் சாருக்கா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் தடவை மடத்து கேட்டைத் தொட்டதோடு சரி. எழுதினால் வரும், வாயால் வராது. மைக் முன்னால் நின்றால் எனக்குப் பயமே கிடையாது, நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அது அடுத்தவர் எழுதியதை வாசிப்பது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்று வாரமாகிறது. மறைக்கல்வி வகுப்பில், ஒரு பையன் கொண்டுவந்த அப்பம் ஐயாயிரம் பேருக்குப் பலுகின கதையைச் சொல்லிவிட்டு, "அந்தப் பையன் கையில எத்தனை அப்பம் இருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாப் பிள்ளைகளும், "அஞ்சு!" பிரிஸ்கா மட்டும் எழுந்து, "ஏழு சிஸ்டர். ரெண்டை இடுப்புல ஒளிச்சு வச்சிருந்தான். ஆண்டவர் அவனைப் பாத்தாரு. அந்த ரெண்டும் கல்லாப் போச்சு." வகுப்பே சிரித்திருக்கிறது. "யாரு சொன்னா உனக்கு?" என்று நீங்கள் கேட்டதற்கு, "யாரும் சொல்லல. எங்கம்மா வாசிச்சாங்க. புஸ்தகத்துல இருக்கு" என்றிருக்கிறாள்.

பூசை முடிந்து அவளைக் கூப்பிட்டுப் போக வந்தேன். வகுப்பு வாசலில் ஏழெட்டு அம்மாமார் நின்றார்கள். நீங்கள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டீர்கள். "டெல்பின், நீங்களா இவளுக்கு ஏழு அப்பம்னு வாசிச்சீங்க?"

நான் சொன்னது உங்களுக்குத் தெரியும். என்றாலும் நானே எழுதிவிடுகிறேன். "ஐயோ, இல்ல சிஸ்டர்! இவளாக் கட்டுவா. கற்பனை ஜாஸ்தி இவளுக்கு" என்றேன்.

சிஸ்டர், நான்தான் வாசித்தேன்.

புத்தகத்தில் ஐந்துதான் இருந்தது. நான் ஏழு என்று வாசித்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. இனி என்னவும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏன் என்று கேட்காமல் நினைத்துவிடாதீர்கள்.

என் வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார், உங்களுக்குத் தெரியும். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. வீட்டில் நானும் அவளும்தான். அவருக்கு ஒரு தம்பி இருக்கிறார், கை சுத்தமில்லாதவர். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை, அவர் போட்டோவும் கிடையாது. பிரிஸ்கா பிறந்து பத்து நாளில் எல்லாரும் வந்து, "அப்படியே சித்தப்பா மூக்குல்லா" என்றார்கள். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பயம். ஒரு மூக்குக்குப் போய்ப் பயப்படுவாளா ஒருத்தி என்று கேட்டால், நான் பயந்தேன்.

ஒன்றாம் வகுப்பில் அடுத்த பிள்ளையின் ஷார்ப்னரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மீன் மாதிரி ஒன்று, வாய் வழியாகப் பென்சிலை விட வேண்டும். கேட்டால், "கீழ கெடந்துச்சு" என்றாள். அவரிடம் போனில் சொன்னேன். லைன் விட்டுவிட்டு வந்தது. "ஏட்டி டெல்பி, இப்பமே கவனிச்சுக்க. ஒங் கையிலதான் இருக்கு" என்றார். கட்டாகிவிட்டது. ஒங் கையிலதான் இருக்கு. அவர் சொல்லிவிட்டுக் கடலுக்குள் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு அந்த ஒரு வார்த்தைதான்.

நான் அவளை அடிக்கவில்லை. இதை எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள் சிஸ்டர், நான் இன்றுவரை அவளை ஒரு அடி அடித்ததில்லை. எங்கள் காம்பவுண்டில் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் கத்துகிற வீடு எது எது என்று சொல்வார்கள். எங்கள் வீட்டைச் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டில் வாசிப்புச் சத்தம்தான் கேட்கும்.

நான் எட்டு வருஷம் கன்னியர் மட ஹாஸ்டலில் படித்தவள். சாப்பாட்டு நேரம் அங்கே யாரும் பேசக் கூடாது. எண்பது பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட, ஒருத்தி மட்டும் மேடையில் நின்று புனிதர் சரித்திரம் வாசிப்பாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்த ஒருத்தி நான்தான். சாம்பார் வாளிச் சத்தத்துக்கு மேலே என் குரல் கணீரென்று போகும். மதர் அர்சுலா சில நாட்களில் புத்தகத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருப்பார்கள். அந்த இடம் வந்ததும் குரலை மாற்றாமல், நிறுத்தாமல், சீட்டில் உள்ளதையும் சேர்த்து வாசித்துக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் இப்படி வந்தது: அந்தப் புனிதை அழுதாள், ஏனென்றால் இன்று மதியம் ஒருத்தி மோர்ச் சோற்றைக் கிணற்றடியில் கொட்டினாள். வாசித்து முடிக்கவில்லை, மூன்றாவது வரிசையில் பியாட்ரிஸ் என்று ஒரு பிள்ளை தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்று விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டாள். யாரும் பெயர் சொல்லவில்லை, யாரும் அடிக்கவில்லை. என் குரல் போய் ஒரு ஆத்துமாவைத் தொட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த மாதக் கடைசியில் பியாட்ரிஸ் ஹாஸ்டலை விட்டுப் போய்விட்டாள். வீட்டில் ஏதோ கஷ்டம் என்றார்கள்.

எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

மீன் ஷார்ப்னர் வந்த அன்று சாயந்திரம் செபமாலை முடிந்ததும் படப் புத்தகத்தை எடுத்தேன். ஆண்டவருடைய கதைகளெல்லாம் பெரிய பெரிய படத்தோடு போட்ட நீல அட்டைப் புத்தகம், அவள் ஞானஸ்நானத்துக்கு வந்தது. தினமும் அதில் ஒரு கதை வாசிப்போம். வாசித்து முடித்து நான், "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்பேன். அவள் கை கூப்பி, "இறைவா உமக்கு நன்றி" என்பாள். கோயிலில் நான் வாசிக்கிற மாதிரியே வீட்டிலும் வாசிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தலையில் என் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள்.

அன்றைக்கு அப்பம் பலுகின கதை. ஐந்து அப்பம் என்று இருந்தது. என் வாயில் ஏழு என்று வந்தது. ரெண்டை அவன் இடுப்பில் ஒளித்து வைத்திருந்தான், ஆண்டவர் அவனைத் திரும்பிப் பார்த்தார், அவன் இடுப்பிலிருந்த அப்பம் கல்லாயிற்று. குரல் மாறவில்லை சிஸ்டர். ஹாஸ்டல் பழக்கம் எங்கே போகும்.

பிரிஸ்கா எழுந்து பைக்குள் கையை விட்டு அந்த மீனை எடுத்தாள். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். என்றாலும் என்னிடம் தரவில்லை. சுவரில் மாட்டியிருக்கிற திருஇருதயப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். "இது கல்லாகிருமாம்மா?" என்று கேட்டாள். "திருப்பிக் குடுத்தா ஆகாது" என்றேன். மறுநாள் முதல் ஆளாகப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பாருங்கள், பலித்துவிட்டது. பலிக்காமல் இருந்திருந்தால் அன்றோடு விட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு எனக்கு அது சுலபமாகிவிட்டது. கால் கழுவாமல் கட்டிலில் ஏறினாளா, அன்றைக்கு, ஆண்டவரைப் பார்க்கச் சக்கேயு மரத்தில் ஏறினபோது கால் கழுவவில்லை, மரம் வழுக்கிவிட்டது. பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே நிற்க, இவள் ஷூ லேஸை வைத்துக்கொண்டு விளையாடினாளா, அன்றைக்கு நோவா கூப்பிட்ட உடனே ஓடி வராத இரண்டு ஆட்டுக்குட்டி பேழைக்கு வெளியே நின்றுவிட்டன. கதவு அடைத்தாயிற்று, மழை பிடித்துவிட்டது. "அப்புறம்?" என்றாள். "அப்புறம் என்ன, கதவு தொறக்கல" என்றேன். இறைவா உமக்கு நன்றி என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மறுநாளிலிருந்து வேன் வருவதற்குக் கால் மணி நேரம் முந்தியே படியில் போய் நின்றாள். காம்பவுண்டில் எல்லாரும், "டெல்பி, எப்படிப்பா இந்தப் பிள்ளையை இப்படி வளக்க?" என்று கேட்டார்கள். "வாசிப்புதான் அக்கா. தினமும் திருவசனம் வாசிக்கோம்லா" என்றேன். நீங்களே ஒரு முறை பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னை எழுப்பி, பிள்ளைகளுக்குச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டுவது எவ்வளவு நல்லது என்று பேசச் சொன்னீர்கள். பேசினேன். கைதட்டினார்கள்.

அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் இட்லியை எடுத்து மூடியில் தட்டிப் பார்ப்பாள். டொக் டொக் என்று. விளையாட்டு என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்தேன். மழை வந்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்ப்பாள். பிள்ளைகளுக்கு மழை பிடிக்கும்தானே என்று நினைத்தேன்.

பொய் என்று நான் அதை நினைக்கவே இல்லை. அவளுக்காகத்தானே. ஆண்டவரே உவமை சொல்லித்தானே புரியவைத்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளால் வாசிக்க முடியாது, அதுவும் ஒரு தைரியம். இங்கிலீஷ் மீடியம் பிள்ளை. இங்கிலீஷ் கடகடவென்று வாசிப்பாள், தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். இந்த வருஷம்தான் உங்கள் வகுப்பில் செபப் புத்தகம் வாசித்து வாசித்துத் தமிழ் பிடிபட ஆரம்பித்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் உங்கள் கேள்விக்கு எழுந்து நின்றாள் என்று நினைக்கிறேன்.

அந்த ஞாயிறு நான் இல்லை என்று சொன்னபோது அவள் என்னைப் பார்த்தாள். நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பேதுரு மறுதலித்தபோது கூவின மாதிரி ஒரு சேவலும் கூவவில்லை சிஸ்டர். வாசலில் ஐஸ் வண்டிக்காரர் மணியடித்தார், பிள்ளைகளெல்லாம் ஓடினார்கள், அவ்வளவுதான். அடுத்த வாரம் அவளை எழுப்பி வகுப்பு முன்னால், "நான் ஆண்டவருடைய கதையில் பொய் சேர்த்தேன்" என்று சொல்ல வைத்தீர்கள். புதுநன்மை அன்று மன்றாட்டு வாசிக்க அவளைத்தான் முதலில் எழுதியிருந்தீர்கள், அதையும் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் என் வார்த்தையை நம்பினீர்கள். ஆனால் ஒரு எட்டு வயதுப் பிள்ளை சொல்வதையும் கொஞ்சம் நம்பியிருக்கலாம்.

நான் இல்லை என்று சொன்ன அன்று வீட்டுக்குப் போகிற வழியில், ஸ்கூட்டரில் எனக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "ம்மா, நீ வாசிச்சது ஒனக்கு மறந்துபோச்சா?"

எனக்கு அவளே ஒரு வழியைத் திறந்து தந்தாள். நான் அதற்குள் நுழைந்துவிட்டேன். "ஆமாட்டி, எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன். "சரிம்மா" என்று என் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

நேற்று அவள் மறைக்கல்வி நோட்டைப் பார்த்தேன். பாவசங்கீர்த்தனத்துக்கு மறக்காமலிருக்க எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறீர்கள் போல. முதல் வரி, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு: நான் ஆண்டவரின் கதையில் பொய் சொன்னேன். இரண்டாவது வரி: அம்மா வாசித்தார்கள் என்று அம்மா மேல் பழி போட்டேன். மூன்றாவது வரியில் அடுத்த வீட்டு ஜோவலைக் கிள்ளியது. அது மட்டும்தான் உண்மையான பாவம்.

புத்தகத்தை உங்களிடம் கொண்டுவந்து காட்டி, இதோ ஐந்துதான் போட்டிருக்கிறது, நான்தான் மாற்றி வாசித்தேன் என்று சொல்லலாமென்றால், அந்தப் புத்தகம் இப்போது வீட்டில் காணவில்லை. வெள்ளையடிக்கப் பொருட்களை ஒதுக்கினதில் எங்கேயோ போய்விட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். நாளை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த இரண்டு வரியையும் அடித்துவிடச் சொல்லுங்கள். வகுப்பில் சொல்ல வேண்டாம். மற்ற அம்மாமாருக்குத் தெரிய வேண்டாம். சில பழைய புத்தகங்களில் அச்சுப்பிழை இருக்கும் என்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னாலும் போதும். சாமியாருக்கும் தெரியாமல் இருந்தால் நல்லது. வாசக மேடையில் நிற்பது ஒன்றுதான் இந்த ஊரில் எனக்கென்று இருக்கிறது. திருவசனத்தை மாற்றி வாசித்தவள் என்று தெரிந்தால் அந்த மேடையில் எப்படி ஏறுவேன்? பெரிய மனது பண்ணுங்கள். எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

டெல்பின்

சிஸ்டர், மேலே உள்ளதை நேற்று எழுதி மேசையில் வைத்திருந்தேன். இது சனிக்கிழமை காலை. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே யாரோ எழுத்துக்கூட்டி வாசிக்கிற சத்தம். முதலில் செபப் புத்தகம் என்று நினைத்தேன். அப்புறம்தான் "நா...ன்...தான் வாசி...த்தேன்" என்று காதில் விழுந்தது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. ஓடிப் போய்ப் பிடுங்கியிருக்கலாம். போகவில்லை. வாசலிலேயே நின்றேன். வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, தலையில் என் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, சத்தமாக வாசித்தாள். முழுக்கதையும். மூக்கு, ஷார்ப்னர், ஐஸ் வண்டி, எல்லாம். அச்சுப்பிழை என்ற இடத்தில் மூன்று தடவை தட்டுத்தடுமாறி, பிறகு சரியாக வாசித்துவிட்டாள். என் குரலைக் காட்டிலும் நல்ல குரல் அவளுக்கு. ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை.

முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்று நின்றேன்.

"ம்மா, புஸ்தகம் தொலையலம்மா. அரிசி டிரம்லல்லா இருக்கு."

நான்தான் வைத்தேன் சிஸ்டர். அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் அவள் அந்தப் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தாள். ஏழைத் தேடுகிறாள் என்று புரிந்தது. அவள் குளிக்கப் போன நேரம் அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். வெள்ளையடித்தோம் என்று எழுதினேனே, எங்கள் வீட்டில் வெள்ளையடித்து நாலு வருஷமாகிறது.

"ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

"அரிசி அள்ளையில பாத்தேன். நீ குளிக்கும்போது எடுத்து வாசிச்சிட்டு, நீ வச்ச மாதிரியே வச்சிருவேன். கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சிட்டேன். எல்லாத்துலயும் அஞ்சுதான்."

"அப்போ ஏன்ட்டி ஏங்கிட்டக் கேக்கல?"

"ஒட்டிக்கிட்ட பக்கத்துல இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

மேலே ஒரு இடத்தில், நீங்களும் அவளைக் கொஞ்சம் நம்பியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். அந்த வரிக்காகத்தான் இப்போது உங்கள் முகத்தில் முழிக்க முடியவில்லை.

கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். புத்தகமும் வருகிறது, தட்டினால் அரிசி உதிரும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். எந்த வகுப்பு முன்னால் அவளை நிறுத்தினீர்களோ அந்த வகுப்பு முன்னால் இதை வாசியுங்கள். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நான் கெஞ்சினதையும் சேர்த்து வாசியுங்கள். அம்மாமார் வாசலில் நின்றால் நிற்கட்டும். நாளைப் பூசையில் முதல் வாசகம் வாசிக்க ரெஜினால் சாரிடம் சொல்லிவிட்டேன்.

இதை எழுதி முடிப்பதற்குள் ஷூ மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்கிறாள். நோட்டில் முதல் இரண்டு வரியையும் அடித்துவிட்டாள். ஜோவலைக் கிள்ளியது இருக்கிறது. இப்போது ஒன்று கேட்டாள்.

"அப்போ அந்த ரெண்டு ஆட்டுக்குட்டியும் பேழைக்குள்ளதானம்மா இருந்துச்சு?"

"சிஸ்டர்ட்ட கேளு" என்றேன். நீங்களே அந்தப் பக்கத்தைப் பிரித்து அவளுக்குக் காட்டிவிடுங்கள் சிஸ்டர். நான் சொன்னால் அவள் நம்பிவிடுவாள்.